முந்திப் போன மஞ்சப்பை

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் சீட்டுப் பிடிப்பதில் உடையார்பாளையம் கமலவேணியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பஸ் உள்ளே நுழைந்து வளையும்போதே கூடவே ஓடி, கையில் என்ன இருக்கிறதோ அதை ஜன்னல் வழியாகச் சீட்டில் போட்டுவிடுவாள். துண்டு, குடை, முருங்கைக்காய்க் கட்டு, ஒருமுறை கால் கட்டின கோழி. போட்டது போட்டதுதான். அதற்கு மேல் மந்திரியே வந்து உட்கார்ந்திருந்தாலும் எழுப்பிவிடுவாள். இது அவள் கண்டுபிடித்த வித்தை இல்லை, இந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் எல்லாரும் செய்வதற்கும் கமலவேணி செய்வதற்கும் வித்தியாசம் உண்டு.

பஸ்காரர்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. கை காட்டினால் நிறுத்த மாட்டார்கள், நிறுத்தினாலும் நாலு எட்டு தள்ளித்தான் நிறுத்துவார்கள், கேட்டால் மேலே பார்ப்பார்கள். சொல்லப்போனால் பஸ்காரர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள், அவளுக்கு யாரைப் பற்றியும் நல்ல அபிப்பிராயம் இல்லை. ஒரு பொருளை நம்பிக் கொடுத்தனுப்ப இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு என்பாள். அது அவள்தான். புருஷன் ராசாங்கத்தைத் தேங்காய் வாங்கி வர அனுப்பினால்கூடப் பின்னாலேயே போய்த் தட்டிப் பார்த்து வாங்குகிறானா என்று எட்டிப் பார்ப்பாள்.

அப்படிப்பட்டவளின் கையில் அன்றைக்கு இருந்த மஞ்சப்பைக்குள் தாய்ப்பால் இருந்தது.

அவள் தங்கை இலக்கியாவுக்கு எட்டு மாதத்திலேயே வலி கண்டு, ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தை என்று சொல்லவே பயமாக இருந்தது, ஒரு உள்ளங்கையும் பாதி முழங்கையும் போதும் அதைத் தாங்க. மூச்சுக்குத் திணறியதால் பிறந்த கையோடு ஆம்புலன்ஸில் அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். இலக்கியாவுக்குத் தையல் ஆறவில்லை, காய்ச்சல் வேறு. இரண்டு நாள் போகட்டும், அப்புறம் அனுப்புகிறோம் என்றார் டாக்டர். அவள் புருஷன் ராஜேஷ் சிங்கப்பூரில் விமான டிக்கெட்டுக்கு அலைந்துகொண்டிருந்தான். மாமியார் கலியம்மாள் மருமகளின் கட்டிலை விட்டு நகர முடியாது. ஆக, தாய் ஒரு ஊரிலும் பிள்ளை ஒரு ஊரிலும் கிடக்க, நடுவில் இருக்கிற சாலைக்குக் கமலவேணி ஒருத்தி.

குழந்தைக்கு அன்று மதியம் முதல்முதலாகப் பால் கொடுத்துப் பார்ப்பதாக அரியலூரில் சொல்லியிருந்தார்கள். தாய்ப்பால்தான் வேண்டும், பவுடர் பாலை இந்த வயிறு தாங்காது என்றார்கள். இலக்கியா விடியற்காலையிலிருந்து முயன்றாள். சுரக்கவில்லை. அழுதாள், மறுபடி முயன்றாள், மறுபடி அழுதாள். கடைசியில் குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடை ஒன்று நிறையக் காணாத அளவுக்கு வந்தது. இவ்வளவுதானாக்கா என்று அவள் கேட்டபோது கமலவேணி அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். நர்ஸ் அதைச் சின்னப் புட்டியில் ஊற்றி, தாயின் பெயரை எழுதி ஒட்டி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துக் கொடுத்தார்.

"மதியத்துக்குள்ள கொண்டுபோயி சேத்துருங்க. இந்த வெயில்ல ஐஸ் உருகிடுச்சுன்னா பால் உதவாது."

ராசாங்கம் தன் டி.வி.எஸ்.ஸில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான்.

"உங்க வண்டியில வச்சு அம்புட்டுத் தூரம் குலுக்குனா வெண்ணெய்தான் போயி சேரும்," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

பையைக் கீழே வைக்கக் கூடாது, யாரிடமும் கொடுக்கக் கூடாது, நெஞ்சோடு அணைத்தபடியே போக வேண்டும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று முகூர்த்த நாள். பஸ் ஸ்டாண்டில் எள் போட இடமில்லை. பட்டுப்புடவைகளும் சீர்வரிசைத் தட்டுகளும் பன்னீர் வாசனையுமாகக் கூட்டம் நெரிந்தது. அரியலூர் வண்டி ஒன்று வந்து அவள் கண்ணெதிரிலேயே படியில் ஆள் தொங்கப் போனது. அடுத்ததாக ஒரு பஸ் உள்ளே நுழைந்தது. நெற்றியில் மின்னெழுத்துப் பலகை. அதில் 'அரியலூர்' என்று ஓடியது.

அவ்வளவுதான், கால் தானாக ஓடியது. கை தானாக நீண்டது. அத்தனை வருஷப் பழக்கம் கையில் இருக்கிறது, புத்தி சொன்னதெல்லாம் புத்தியோடு நின்றுவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண்ணிடம் பையை நீட்டி, "பாப்பா, பக்கத்து சீட்டுல வச்சுக்க, கவுத்துடாத," என்று சொல்லிவிட்டுப் பின்படிக்கு ஓடினாள். அங்கே ஒரு கல்யாண வீடே இறங்கிக்கொண்டிருந்தது. தட்டுகள் இறங்கின, பாட்டிமார் இறங்கினார்கள், தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டவர்கள் இறங்கினார்கள். அவள் முண்டியடித்துக் கம்பியைப் பிடிப்பதற்குள் விசில் சத்தம் கேட்டது. பஸ் நகர்ந்தது. அவள் தட்டிக்கொண்டே ஓடினாள். கூட்டத்தின் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

பஸ் வாசலில் வளைந்தபோது பின்பலகையைப் பார்த்தாள். அதில் எழுத்து மாறி 'சிதம்பரம்' என்று ஓடிக்கொண்டிருந்தது.

"அது அரியலூர்லேருந்து வந்த வண்டிம்மா," என்றாள் வாசலில் இருந்த பூக்காரி. "போர்டுல ரெண்டு ஊரும்தான் மாறி மாறி ஓடும். நீ அவசரத்துல பாதியத்தான் பாத்திருக்க."

விடியலிலிருந்து இலக்கியா அழுது எடுத்த பால், குழந்தைக்கு நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது. இனி அவளிடம் போய் என்ன சொல்வது? சீட்டுப் பிடிக்கப் போட்டேன் என்றா?

டைம் கீப்பர் உட்காரும் கூண்டு ஒன்று ஸ்டாண்டின் நடுவில் உண்டு. எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்பதைப் பார்த்துக்கொள்கிற இளையபெருமாள் அதற்குள் இருந்தார். போன மாதம்தான் கமலவேணி அந்தக் கூண்டின் முன்னால் நின்று, பஸ் நிறுத்தாமல் போன ஒரு டிரைவருக்காக இளையபெருமாளின் பரம்பரையையே இழுத்துப் பேசியிருந்தாள். அவள் வருவதைப் பார்த்ததும் அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தயாரானார். ஆனால் அவள் வந்தது சண்டைக்கு இல்லை.

"சார், பாலு," என்றாள். அப்புறம் அழுகையும் வார்த்தையுமாக எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவர் ஒரு கேள்விதான் கேட்டார், பை எந்தப் பக்கத்து ஜன்னல் என்று. பிறகு போனை எடுத்தார். சிதம்பரம் வண்டி கண்டக்டர் எடுக்கவில்லை, அந்தக் கூட்டத்தில் டிக்கெட் போடுவாரா போனைப் பார்ப்பாரா. ஓட்டுகிற டிரைவரும் எடுக்க மாட்டார். இந்தச் சாலையில் ஓடுகிறவர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். எங்கே டயர் வெடித்தது, எங்கே மரம் விழுந்தது என்று சொல்லிக்கொள்வதற்கு. இளையபெருமாள் அதைத் திறந்து, வாய்க்கு அருகில் வைத்து நிதானமாகப் பேசினார்.

"இப்ப ஜெயங்கொண்டத்த விட்டு சிதம்பரம் போற வண்டியில மஞ்சப்பை ஒண்ணு தப்பா ஏறிடுச்சு. இடது பக்க ஜன்னல், ஒரு பொண்ணுகிட்ட இருக்கு. உள்ள தாய்ப்பால் இருக்குப்பா. அரியலூர் பெரியாஸ்பத்திரியில குறைப்பிரசவத்துல பொறந்த புள்ளைக்கு மதியத்துக்குள்ள போவணும். எதிர்ல வர்றவங்க பாத்துக்கங்க."

கமலவேணி அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு குரல் வந்தது. திருச்சி போகிற வண்டியின் கண்டக்டர். நாங்கள் மீன்சுருட்டி தாண்டி வந்துகொண்டிருக்கிறோம், எதிரில் அவனைப் பார்த்தால் லைட்டைப் போட்டு நிறுத்துகிறோம் என்றார். அடுத்த குரல் வருவதற்குள் கமலவேணி தெரிந்த சாமிகளையெல்லாம் ஒரு சுற்று கூப்பிட்டு முடித்திருந்தாள். கங்கைகொண்ட சோழபுரம் ஸ்டாப்பில் இரண்டு வண்டியும் எதிரெதிரே ஒட்டி நின்றனவாம். பை வலது பக்கம் வந்து ஜன்னலுக்கு ஜன்னல் கை மாறிற்றாம். அந்தக் காலேஜ் பெண் அதுவரை பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டே இருந்தாளாம், உரியவர்கள் வந்தால்தான் கொடுப்பேன் என்று கண்டக்டரிடமே சண்டைக்குப் போனாளாம், இளையபெருமாள் பேசியதைக் கேட்ட பிறகுதான் விட்டாளாம்.

"பை கைக்கு வந்துருச்சுண்ணே. பிளாஸ்கு நிமிர்ந்துதான் இருக்கு," என்றது போன்.

கமலவேணி கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இளையபெருமாள் அவளை உட்கார விடவில்லை.

"எந்திரிங்கம்மா. திருச்சி வண்டி ஸ்டாண்டுக்குள்ள வராது, வெளி ரோட்டுலயே போயிடும். வி. கைகாட்டியில எறக்கி, அங்கேருந்து அரியலூர் திரும்புற வண்டிக்கு மாத்திவுட்டுருவாங்க. நீங்க இந்தா நிக்கிற அரியலூர் வண்டியில ஏறுங்க."

"பை இல்லாம நான் அங்க போயி என்ன சார் செய்ய? இங்க ஒரு எட்டு வரச் சொல்லுங்களேன். என் கையில குடுத்துட்டா நான் பாத்துக்குவேன்."

"உள்ள வந்து இந்தக் கூட்டத்துல மாட்டுனா மதியம் தாண்டிடும். பை உங்களுக்கு முன்னாடி போயிடும்மா. புள்ளைக்குச் சொந்தக்காரங்க அங்க இருக்க வேணாமா? ஏறுங்க."

போன மாதத்துப் பேச்சுக்கு அவர் வட்டியோடு திருப்பித் தந்திருக்கலாம். அதற்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. அவர் முகத்தில் அப்படி ஒன்றுமே இல்லை. கமலவேணி வெறுங்கையோடு பஸ் ஏறினாள். இடம் பிடிக்காமல் அவள் ஏறிய முதல் பஸ் அதுவாகத்தான் இருக்கும். யாரோ எழுந்து உட்காரச் சொன்னார்கள், அவளுக்கு உட்காரத் தோன்றவில்லை.

அந்தச் சாலையை ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரி, சிமெண்டு லாரி, வாலைப்போல் தோகை இழுபடப் போகும் கரும்பு டிராக்டர், ரோட்டையே அடைத்துக்கொண்டு ஊரும் நெல் அறுக்கிற மெஷின், கல்யாண வேன், ஸ்கூல் வேன், ஒரே மொபெட்டில் ஒரு குடும்பம். இத்தனைக்கும் நடுவில் அந்த டவுன் பஸ்கள் புகுந்து புறப்பட்டு, ஊருக்கு ஊர் நின்று, ஏற்றி இறக்கி, சாயங்காலம் அத்தனை பேரையும் அவரவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகின்றன. தினமும் நடப்பதால் இதை யாரும் அதிசயம் என்று சொல்வதில்லை. எனக்கு இது அதிசயம்தான். கமலவேணிக்கு அதுநாள்வரை இது அதிசயமாகப் பட்டதில்லை. பையைத் தேடிக்கொண்டு போன அன்றைக்குத்தான் அவள் கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தாள்.

ஏறின சற்று நேரத்தில் பஸ்ஸில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கண்டக்டர் சொன்னாரா, அவளே புலம்பினாளா, இரண்டும்தான். உடையார்பாளையத்தில் இறங்க வேண்டியவர்கள் முன்கூட்டியே படிக்கு வந்து நின்று, வண்டி நின்றதும் மளமளவென்று இறங்கினார்கள். அதைத் தாண்டி அடுத்தடுத்து இரண்டு ஸ்டாப். அதில் முதலாவதில் இறங்க வேண்டிய ஒரு பெரியவர், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே, "எனக்காவ நிறுத்தாத தம்பி, அடுத்ததுல எறங்கித் திரும்பி நடந்துக்கிறேன்," என்றார். அந்த வெயிலில் அவர் நடந்துதான் போனார். கமலவேணி ஜன்னல் வழியாக அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவளே அந்த இடத்தில் இருந்திருந்தால் நடந்திருப்பாளா என்பது அவளுக்கே சந்தேகம்.

நாலுவழிச் சாலையை ஒட்டி ஓடும் சின்னச் சாலையில் அவர்கள் வண்டி ஒரு சிமெண்டு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தது. அப்போது பெரிய சாலையில் திருச்சி வண்டி வந்தது. வந்த வேகத்தில் போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் பக்கத்தில் வந்ததும் கொஞ்சம் நிதானித்தது. முன்படியில் நின்ற கண்டக்டர் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மஞ்சப்பையைத் தூக்கிக் காட்டினார், பார்த்துக்கொள் என்பதுபோல. அவர்கள் பஸ் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. பிறகு திருச்சி வண்டி வேகமெடுத்து அவர்களை முந்திக்கொண்டு போய்விட்டது. கமலவேணி தன் பொருள் தன்னை முந்திப் போவதைப் பார்த்து அழுதாள். அது பயத்தில் வந்த அழுகை இல்லை.

வி. கைகாட்டியில் வண்டி நின்றதும் டீக்கடைக்காரர் ஒருவர் ரோட்டுக்கே வந்து, "பால் பை அம்மா யாரு?" என்று கேட்டார். அவள் கை தூக்கினாள். "முன்னாடி வண்டியில ஏத்தியாச்சு. இப்பத்தான் திரும்புனான். கண்டக்டர் கலைச்செல்வன்கிட்ட இருக்கு. உள்ள ஐஸ் எளகியிருக்குமோன்னு எங்க பெட்டியிலேருந்து ஐஸ எடுத்து பையில சுத்தி அடுக்கிவுட்டிருக்கேன், பிளாஸ்கத் தொறக்கல." சொல்லிவிட்டு அவர் டீ ஆற்றப் போய்விட்டார். அவர் பெயரைக்கூட அவள் கேட்கவில்லை.

அரியலூர் பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு அவர்கள் வந்தபோது முன்னால் போன பஸ் அங்கே ஓரம்கட்டி நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் அணைந்திருந்தது. உள்ளே ஆட்கள் நிறைந்திருந்தார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் விசிறிக்கொண்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான், யார் வேண்டுமானாலும் இறங்கி நடந்திருக்கலாம். நின்று கேள்வி கேட்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. கமலவேணி இறங்கி ஓடினபோது டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"மாடியில இருக்காரும்மா. வெரசா போங்க."

குழந்தைகள் வார்டுக் கதவின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, மஞ்சப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். தோளில் டிக்கெட் பை தொங்கியது. சொந்தக்காரர்கள் வந்து சொன்னால்தான் பாலை வாங்க முடியும் என்று நர்ஸ் மேகலா சொல்லியிருந்தார். அது சரிதானே என்று கலைச்செல்வனும் நின்றுவிட்டார். யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகலாமே என்று அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. கமலவேணியைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"நீங்கதானே?"

"நாந்தாங்க. பெரியம்மா."

நர்ஸ் புட்டியை எடுத்துத் தொட்டுப் பார்த்தார். நல்ல குளிர்ச்சியாக இருந்தது. பெயரைப் படித்தார், ஜெயங்கொண்டத்து நர்ஸிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார், உள்ளே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நூல் மாதிரி ஒரு குழாய் வழியாக, இலக்கியாவின் பால் சொட்டுச் சொட்டாக இறங்கிற்று. கண்டக்டரும் கமலவேணியும் இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். குழந்தை உதட்டைச் சப்பியது.

"எறங்குது," என்றார் கலைச்செல்வன், தாழ்ந்த குரலில். பிறகு நேரம் போனது நினைவுக்கு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கி ஓடினார். கமலவேணி ஜன்னலுக்குப் போனாள். கீழே அவர் பஸ்ஸில் இருந்தவர்களிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. அத்தனை முகமும் மேலே திரும்பியது. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆஸ்பத்திரி வாசல் என்பதால் விசில் ஊதாமல் அவர் பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். வண்டி கிளம்பிற்று.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து கூப்பிட்டார். "பால் ஒத்துக்கிச்சும்மா. இனிமே இந்தப் புள்ளைக்கு சூடு வேணும். அம்மா வர்ற வரைக்கும் நீங்கதான் நெஞ்சோட நெஞ்சா வச்சுக்கிட்டு உக்காரணும். எவ்வளவு நேரம் வச்சுக்கிறீங்களோ அவ்வளவு சீக்கிரம் தேறும்."

கை கால் கழுவி, அவர்கள் கொடுத்த அங்கியைப் போட்டுக்கொண்டு கமலவேணி நாற்காலியில் சாய்ந்தாள். குழந்தையை அவள் மார்பில் வைத்துத் துணியால் சுற்றினார்கள். கோழிக்குஞ்சைப்போல் அது ஒருமுறை துடித்து, பிறகு அடங்கியது. சின்ன மூச்சு அவள் மேல் ஏறி இறங்கிற்று. அவளுக்குத் தன் மூச்சை விடவே பயமாக இருந்தது.

"அடுத்த பால் எப்ப வேணும்?" என்று கிசுகிசுத்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள வந்துடணும்."

அவளுடைய போன் அடித்தது. இலக்கியா. நர்ஸே எடுத்து அவள் காதில் வைத்தார்.

"அக்கா, குடிச்சாளா?"

"குடிச்சாடி. உதட்ட சப்புனா. இப்ப என் மேலதான் தூங்குறா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு இலக்கியா சொன்னாள். "இப்ப நல்லா வருதுக்கா. அடுத்ததுக்கு எடுத்து வச்சிருக்கேன். நீ எப்ப கெளம்பி வர்ற?"

கமலவேணி குனிந்து பார்த்தாள். துணிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து அவள் தாலிக்கயிற்றைப் பிடித்திருந்தது.

"நான் வரலடி. எங்க வூட்டுக்காரருகிட்ட குடுத்து பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பு. கூண்டுல இளையபெருமாள் சார் இருப்பாரு."

"நீ இல்லாமயா? எந்த பஸ்ஸுலக்கா குடுக்கறது?"

"எந்த பஸ்ஸா இருந்தா என்னடி. குடுத்து வுடு, வந்துரும்."